ஒட்டாத நாய்

கல்குவாரியின் விளிம்பில் அவள் இரண்டு உருண்டைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒன்று கண்ணாடி போலப் பளபளப்பது, மற்றது மங்கிய சாம்பல் நிறம். கீழே குழிக்குள் கதாநாயகன், பஞ்சு அடைத்த ஒரு துணிப்பொம்மையை இரு கைகளிலும் ஏந்தியபடி கேமராவை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தான். படத்தில் அது செத்துப்போன ஒரு கிழட்டு நாய். நிஜம்போலத் தெரியும் நாயைப் பிறகு கம்ப்யூட்டரில் செய்து அவன் கைகளில் வைப்பார்கள். சூரியன் எதிர்ப்பக்கத்துப் பாறைச் சுவருக்கு மேலே ஒரு முழம்கூட இல்லை. காற்றில் கிடந்த கல்தூசி முழுவதும் அந்த வெளிச்சத்தைக் குடித்துவிட்டு ஒரு புகைபோல நின்றது. படத்தின் கடைசிக் காட்சி அதுதான். அதற்காகத்தான் மொத்தக் குழுவும் மத்தியானத்திலிருந்து அந்த வெக்கையில் காத்துக்கிடந்தது.

"கட்" என்ற சத்தம் கேட்டதும் அவள் சரிவில் இறங்கி ஓடினாள். இணை இயக்குநர் ஒரு கையை நீட்டி மறித்தார்.

"இப்ப வேணாம் மேடம். இன்னொரு டேக் போறோம். முடிஞ்சதும் எடுத்துக்கங்க."

"சார், சூரியன் போயிடும். ரெண்டு நிமிஷம் போதும்."

"அதையேதான் நானும் சொல்றேன். சூரியன் போயிடும். உங்க ரெண்டு நிமிஷத்துல எனக்கு ஒரு டேக் போயிடும்."

அதில் தப்புச் சொல்ல எதுவுமில்லை. அவள் ஒதுங்கி நின்றாள். அடுத்த டேக்கில் நாயகன் கால் இடறினான். அதற்கடுத்ததில் தூசி போதவில்லை என்று விசிறியைத் திருப்பினார்கள். அதற்கும் அடுத்தது முடிந்தபோது இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள், நாயகன் பொம்மையைத் தரையில் போட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டான். அவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவன் நின்ற இடத்துக்குப் போனபோது சூரியன் பாறைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. ஆனாலும் கேமராவைப் பொருத்தி எல்லாத் திசைகளிலும் எடுத்தாள். கிடைத்தது நீலம் பாரித்த ஒரு மங்கல். இறந்தவர் முகத்தைப் போல.

தயாரிப்பு நிர்வாகி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார். "நாளைக்கு இதே நேரத்துக்கு வந்து எடுத்துக்கங்க மேடம். அதே சூரியன்தானே, வேற எங்க போகப்போகுது?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவளுடைய வேலையை யாருக்கும் சட்டென்று புரியவைக்க முடிந்ததில்லை. படம் பிடிக்கும் இடத்தில், நடிகர் நின்ற அதே புள்ளியில் நின்று, அந்த இரண்டு உருண்டைகளையும் கேமராவுக்கு முன்னால் காட்ட வேண்டும். பிறகு அதே இடத்தில் தன் கேமராவை வைத்துச் சுற்றிலும், மேலும் கீழும், கருகியதிலிருந்து வெளிறியது வரை பல வெளிச்ச அளவுகளில் படம் எடுக்க வேண்டும். ஸ்டுடியோவில் அவற்றை ஒன்றாகத் தைத்தால் அந்த இடத்தின் வெளிச்சம் முழுவதும் ஒரு கோளமாகக் கைக்கு வந்துவிடும். கம்ப்யூட்டரில் செய்த நாயையோ பேயையோ அந்தக் கோளத்துக்குள் வைத்தால், அதுவும் அன்று அங்கே நின்றிருந்ததுபோல ஆகிவிடும். மாமியாரிடம் மட்டும் சுருக்கமாகச் சொல்லியிருந்தாள். "அங்க இருக்கற வெளிச்சத்தை மூட்டை கட்டிக் கொண்டு வர்றேன் அத்தை." மாமியார் யோசித்துவிட்டு, "அதுக்கு எதுக்கு உன்னை அவ்ளோ தூரம் அனுப்பறாங்க? இங்க இல்லாத வெயிலா?" என்று கேட்டார்.

உருண்டைகளைப் படக்குழுவில் குண்டு என்பார்கள். அதனால் குச்சிபோல இருந்த அவளுக்குக் குண்டு மேடம் என்று பெயர். ஒருமுறை விமான நிலையத்தில், பெட்டியில் என்ன என்று கேட்ட காவலரிடம், கூட வந்த ஓட்டுநர் வாய் தவறி "மேடத்தோட குண்டு சார்" என்று சொல்லிவிட, பெட்டியை ஆறு பேர் சூழ்ந்து நின்று திறக்கவைத்தார்கள். அந்தக் கதையை அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவள் கணவனுக்கு அந்தக் கதை மனப்பாடம். இருவரும் ஒன்றாகத்தான் இந்த வேலையைப் படித்தார்கள், ஒரே ஸ்டுடியோவில்தான் சேர்ந்தார்கள். அவன் இப்போது ஒளியமைப்புப் பிரிவுக்குத் தலைவன். அவள் கொண்டுவரும் வெளிச்சத்தை வாங்கி வேலை செய்பவன். ஸ்டுடியோவில் அவனை அவள் "சார்" என்பாள், "நீங்க" என்பாள். வீட்டுப் படியேறும்போதே அது "நீ" ஆகிவிடும். கோபம் வந்தால் "டா".

அன்று மாலை விடுதி மொட்டைமாடியில், சிக்னல் கிடைக்கும் ஒரே மூலையில் நின்று அவனுக்குப் போன் செய்தாள்.

"இன்னிக்கு எடுக்க விடலடா. கடைசி சீனுக்கு ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"இருட்டினப்புறம் எடுத்தது இருக்கு. அதை வெச்சு என்ன பண்ண? நீ டைரக்டர்கிட்ட பேசு. இன்னும் ரெண்டு நாள் யூனிட் இங்கதான் இருக்கு. அதே நேரத்துக்கு ஒரே ஒரு டேக் மறுபடி வெச்சுக்கிட்டாக்கூடப் போதும்."

அந்தப் பக்கம் ஏதோ தட்டுவதும் தேய்ப்பதுமான சத்தம். அவன் வேறொரு படத்தை முடித்துக்கொடுக்கும் நெருக்கடியில் இருந்தான், வாரக்கணக்கில் சரியாகத் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"சரி விடு," என்றான். "நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் மேகம் போட்டது. அதற்கு மறுநாளும். அவள் இரண்டு நாளும் அந்த நேரத்துக்குப் போய் முக்காலியோடு நின்றாள், பஞ்சுமூட்டைபோல் கிடந்த வானத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். யூனிட் மூட்டை கட்டியது. ஊர் திரும்பியதும், "பேசினியா?" என்று கேட்டாள். "அதான் பார்த்துக்கறேன்னு சொன்னேன்ல," என்றான் அவன். கண்ணால் பார்த்தே சரி செய்துவிடலாம் என்று நினைத்திருப்பான். முன்பும் செய்திருக்கிறான். அவளும் அதை அதோடு விட்டுவிட்டாள்.

நாய் அருமையாக உருவாகி வந்தது. மூன்று பேர் உட்கார்ந்து அதன் ஒவ்வொரு மயிரையும் நட்டார்கள். முகவாயில் நரை, கிழிந்த ஒரு காது, பாதத்தின் அடியில் வெடிப்பு. தனியாகத் திரையில் சுழலவிட்டுப் பார்த்தால் தடவிக்கொடுக்கத் தோன்றும். ஆனால் நாயகனின் கைகளில் வைத்தவுடன் அது ஒட்டவில்லை. ஸ்டுடியோவில் அதற்கு அந்த ஒரு சொல்தான். ஒட்டல. யாரோ வாரப்பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்து அவன் நெஞ்சின்மேல் ஒட்டியதுபோல இருந்தது. அவன் அந்தியில் நின்றான், அது ஏதோ ஓர் அறைக்குள் செத்துக்கிடந்தது. வெளிச்சத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், பழைய படங்களின் அந்திகளையெல்லாம் எடுத்துப் பொருத்தினார்கள். அனுப்பும்போதெல்லாம் திரும்பி வந்தது. கடைசியில் இயக்குநர் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினார்: செத்த நாய்க்கு அழுகை வரவேண்டும், சிரிப்பு வருகிறது.

தயாரிப்பாளர் தரப்பிலிருந்து ஓர் ஆள் வந்தபோது அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். ஸ்டுடியோ முதலாளி, அந்த ஆள், முதலாளிக்குப் பக்கத்தில் அவள் கணவன். அவளுக்காக எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. முதலாளி நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர்.

"அன்னிக்கு எடுக்க முடியலைன்னு யார்கிட்ட சொன்னீங்கம்மா?"

"சார்கிட்ட சொன்னேன்." அவள் கணவனைக் காட்டினாள்.

"எழுதிக் கொடுத்தீங்களா?"

"இல்ல சார். போன்ல சொன்னேன்."

வந்த ஆள் லேசாகச் சிரித்தார். "ஒரு மெயில்கூடப் போடலையா?"

கட்டிய புருஷனுக்கு யாராவது மெயில் போடுவார்களா என்று கேட்க வாயெடுத்தாள். அந்த அறையில் அது ஒரு பதிலாக இருக்காது என்று தோன்றியது. முதலாளி கழுத்தைத் திருப்பிக் கணவனைப் பார்த்தார்.

"சொன்னாங்களா?"

அவன் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் ஒட்டுத்தாளைப் படித்துக்கொண்டிருந்தான். சொன்னாள் என்றால் அப்புறம் நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கு ஞாபகம் இல்ல சார்."

சொல்லவில்லை என்று அவன் சொல்லியிருந்தால் அது பொய். பொய்யென்றால் பிடித்து உலுக்கலாம், எல்லோர் முன்னாலும் சண்டை போடலாம். இதைப் பிடிக்க ஒரு கைப்பிடிகூட இல்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காதுமடல் சிவந்திருந்தது. அறையில் இருந்த வெள்ளை விளக்கில் அந்தச் சிவப்பு எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்று, வேலைப் பழக்கத்தில், அவள் மனம் தன்பாட்டுக்குக் குறித்துக்கொண்டது.

உருண்டைகள் கம்பெனியுடையவை. மெத்தென்ற துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்து, அடையாள அட்டையையும் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் வந்திருந்தார்கள். அவனுக்கு வேலை இருந்தது. அவள் பஸ்ஸில் போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு பேரில் ஒருவர் போயே ஆகவேண்டும். அவன் சம்பளம் பெரிது, வீட்டுக்கடன் அவன் பேரில், மாமியாருக்கு மருந்து நிறுத்த முடியாது. எப்படிப் போட்டாலும் அவள்தான் போகவேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் அவளுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவன் வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாராவது ஒருத்தர் தலையில கட்டணும்னுதான் அந்த ஆள் வந்தான். நான் சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் அனுப்பியிருப்பாங்க. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"முன்னாடியே எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல? சொல்லலைன்னு நானே சொல்லியிருப்பேனே."

"அதுக்கு நேரம் இல்ல," என்றான். பிறகு, "உண்மையாவே எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. அந்த வாரம் நான் இருந்த இருப்பு உனக்குத் தெரியாதா?"

அது உண்மையாகவும் இருக்கலாம். அவளால் தீர்மானிக்க முடியவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"கை கழுவிட்டு வாங்க," என்றாள். "சாப்பிடுங்க."

அவள் யோசித்துச் சொன்னதல்ல அது. நாக்கில் அப்படி வந்தது, பிறகு மாறவில்லை. சில நாள் கழித்து மாமியார் கேட்டார். அவன் வேலைக்குப் போயிருந்தான். அவர் கால்நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி புதுசா, வாங்க போங்கங்கற? கல்யாணத்தன்னிக்கே அவனை வாடா போடான்னுக்கிட்டு நின்னவ."

"சும்மாதான் அத்தை."

மாமியார் தைலப் பாட்டிலை மூடினார். மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"நீ அன்னிக்குப் போன் பண்ணப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். ஸ்பீக்கர்ல போட்டுட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தான். எடுக்க விடலடான்னு நீ சொன்னதும் கேட்டுச்சு. பார்த்துக்கறேன்னு அவன் சொன்னதும் கேட்டுச்சு."

தட்டுவதும் தேய்ப்பதுமான அந்தச் சத்தம் இஸ்திரிப் பெட்டி. அப்படியானால் அந்த மாலை அவள் தலைக்குள் மட்டும் இல்லை, இன்னொருவர் காதிலும் இருக்கிறது.

"அவர்கிட்ட இதைச் சொன்னீங்களா அத்தை?"

"எதுக்குச் சொல்லணும்? சொன்னா அவனுக்கு ஞாபகம் வந்துடும்." மாமியார் அவளை நேராகப் பார்த்தார். கண்ணில் கோபமோ கெஞ்சலோ இல்லை. "ஞாபகம் வந்தா வேலையை விட்டுட்டு வந்துடுவானா? வரமாட்டான். தினம் அந்த ஞாபகத்தோட உன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பான். கொஞ்ச நாள்ல உன் மூஞ்சியே அவனுக்குப் பிடிக்காமப் போயிடும். வேணாம். எனக்கும் கேக்கலைன்னே வெச்சுக்க."

அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் சேர்த்துத் தேநீர் போடப் போனார். அவர் அப்படிப் போட்டுத் தருவது அபூர்வம். அவள் அதை வாங்கிக் குடித்தாள்.

வேலை தேடினாள். அந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஓரிடத்தில், "அந்த நாய்ப் படத்துல இருந்தவங்கதானே நீங்க?" என்று கேட்டுவிட்டு மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பினார்கள். இன்னோரிடத்தில் ஓர் இளைஞன், இப்போதெல்லாம் அங்கே போய் எடுக்கவே வேண்டாம், ஒரே ஒரு புகைப்படத்தைக் கொடுத்தால் சுற்றியிருந்த வெளிச்சத்தைக் கம்ப்யூட்டரே ஊகித்துவிடும் என்று காட்டினான். அவள் அதை ஆர்வத்தோடுதான் பார்த்தாள். ஊகம் மோசமில்லை. படத்துக்கு வெளியே என்ன நின்றது என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை. அதை அவள் சொல்லவில்லை. சொல்லி அந்தப் பையனை ஜெயித்து என்ன ஆகப்போகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் லேப்டாப்பைக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்தக் கடைசிக் காட்சி, பொம்மையை நீக்கிவிட்டு. நாயகன் வெறுங்கைகளை ஏந்திக்கொண்டு நின்றான்.

"இவன் தாடைக்குக் கீழ ஒரு மஞ்சள் அடிக்குது," என்றான் அவன், அவளிடம் என்று இல்லாமல். "மாசக்கணக்கா தேடறேன். இது எங்கிருந்துதான் வருதுன்னே புரியல."

அவள் ஒரு தலையணை உறையை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். வாயைத் திறக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்துவிட்டது.

"தண்ணி லாரி."

அவன் திரும்பினான்.

"கேமராவுக்கு இடதுபக்கம் ஒரு மஞ்சள் தண்ணி லாரி நின்னுச்சு. வெயில் நேரா அது மேல பட்டு இவன் மேல திரும்புச்சு. பின்னாடிப் பாறையில பாதிக்கு மேல வெள்ளைக் கல்லு, கீழ செம்மண். நாயோட வயிறு செம்மண் பக்கம்தான் வரும். அது இவ்ளோ கறுப்பா இருக்காது."

அவன் நகர்ந்து இடம் விட்டான். அவள் துணிகளைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். லாரிக்கு ஒரு மஞ்சள் பலகை, பாறைக்கு ஒரு சுவர், தூசிக்கு ஒரு திரை என்று அவள் சொல்லச் சொல்ல அவன் நாயைச் சுற்றி ஒவ்வொன்றாக நிறுத்தினான். தூசி சூரியனுக்குப் பக்கத்தில் கெட்டியாகவும் நாயகன் காலடியில் மெலிந்தும் இருந்ததைச் சொன்னாள். நாயகனின் சட்டை வெளுத்திருந்ததால் அதன் வெளிச்சம் நாயின் காதுக்குள் விழும் என்றாள். தோளும் தோளும் உரசின. பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருப்பது வெட்கமாகவும் இருந்தது. ஓரிடத்தில் பொறுமையிழந்து, "அங்க இல்லடா, மேல வை," என்றாள். அவன் விரல் ஒரு கணம் நின்றுவிட்டு நகர்ந்தது. இருவருமே கேட்காததுபோல இருந்தார்கள்.

ஜன்னலில் வெயில் இறங்கிய நேரத்தில் நாய் ஒட்டியது. சட்டென்றுதான் நடந்தது. ஒரு நிமிஷம் முன்புவரை படமாக இருந்தது, இப்போது கனத்தது. நாயகனின் கைகள் அந்தக் கனத்தில் தாழ்ந்திருப்பதாகக்கூடத் தோன்றியது. மாமியார் வாசற்படியில் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், யார் வீட்டு நாய்?" என்றார்.

"நாளைக்கு எல்லாருக்கும் காட்டறேன்," என்றான் அவன்.

அதற்கடுத்த வாக்கியத்துக்காக அவள் காத்திருந்தாள். இது யார் சொல்லித் தெரிந்தது என்று அங்கே சொல்கிறேன், முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன், குறைந்தபட்சம், அன்றைக்கு நீ போன் செய்தது ஞாபகம் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் போதும் என்று இருந்தது. அவன் லேப்டாப்பை மூடினான்.

"ரொம்ப தேங்க்ஸ்," என்றான், வெளியாளிடம் சொல்வதுபோல.

அவள் மடித்துவைத்த துணிகளை அலமாரிக்கு எடுத்துப் போனாள்.

விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுத்துத் தரும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. வாங்க நினைப்பவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அறை அறையாகச் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம். கேமராவை அறையின் நடுவில் நிறுத்திவிட்டால் அது தானே சுழன்று எல்லாத் திசையையும் எடுத்துக்கொள்ளும். எடுக்கும் ஆள் மட்டும் எங்கேயாவது மறைந்துகொள்ள வேண்டும். கதவுக்குப் பின்னால், அடுத்த அறையில், மாடிப்படியில். ஆள் தெரிந்தால் வீடு விற்காது என்று தரகர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அந்தக் காலையில் நான்காவது மாடியில் ஒரு வீடு. குடியிருந்தவர்கள் காலிசெய்து போய் அதிக நாள் ஆகவில்லை. பீரோ நின்ற இடத்தில் சுவர் மட்டும் புதிதாக இருந்தது. பால்கனியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது, அதை எடுத்துக் குப்பைப் பையில் போட்டாள். கூடத்தில் கேமராவை நிறுத்தி, பொத்தானை அழுத்திவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போது அவன் கூப்பிட்டான். வேலைநேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை.

"டைரக்டர் அந்த ஷாட்டையே தூக்கிட்டாராம்," என்றான். "படம் நீளமா இருக்குன்னு. முதுகுப் பக்கத்துலேருந்து எடுத்தது ஒண்ணு இருந்துச்சாம், அதைப் போட்டுட்டாங்க. நடந்து போறது மட்டும்தான் தெரியும். நாயே தெரியாது."

"ம்."

"எல்லாரும் நல்லா வந்திருக்குன்னுதான் சொன்னாங்க. நம்ம நாய்."

அவள் சோப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் தேய்ந்து வெடித்த ஒரு துண்டு சோப்பு, யாருடையதோ ஒரு நீள முடி அதில் ஒட்டியிருந்தது.

"ஏதாவது பேசேன்," என்றான் அவன். அவன் குரல் உடைந்திருந்ததுபோல் இருந்தது, சரியான சிக்னல் இல்லாமலும் இருக்கலாம்.

"வேலையில இருக்கேங்க. அப்புறம் பேசறேன்."

போனைப் பையில் போட்டாள். வெளியே கேமரா சுழலும் சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. கூடத்தில் யாரும் இல்லாத வீடு முழுதாகப் பதிவாகியிருக்கும். மாடிப்படியிலிருந்து தரகர் குரல் கொடுத்தார். "முடிஞ்சுதாம்மா? அடுத்த வீட்டுக்குப் போகணும்."

"இதோ," என்றாள். முகம் கழுவிக்கொள்ளலாம் என்று குழாயைத் திறந்து கையை நீட்டினாள். தண்ணீர் வரவில்லை. குழாய்க்குள் எங்கோ தூரத்திலிருந்து காற்று மட்டும் நீளமாக இரைந்துகொண்டு வந்தது. அவள் குழாய்க்குக் கீழே கையை வைத்தபடியே நின்றாள்.